அவுஸ்திரேலிய முதியோர் பராமரிப்புத் தகுதி மதிப்பீடு: திருகோணமலையில் தயாரான ஒரு குடும்பத்தின் மதிப்புரை

பிள்ளைகளைப் பின்தொடர்ந்து அவுஸ்திரேலியாவில் குடியேறிய பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் கொண்ட குடும்பங்கள் திருகோணமலையில் பல உள்ளன. அந்த முதியவர்கள் தளர்ச்சியடையும் காலத்தில் அங்குள்ள அரசாங்கத்தின் பராமரிப்பு உதவியைப் பெறுவதற்கு ‘மை ஏஜ்ட் கெயார்’ என்ற சேவையின் ஊடாகத் தகுதி மதிப்பீடு ஒன்றுக்கு முகங்கொடுக்க வேண்டும். மெல்பேர்னில் மகளுடன் வாழும் என் அக்கா தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்து சிவராத்திரி வரை எங்களுடன் தங்கியிருந்தபோது அதற்கான தயாரிப்பின் பெரும்பகுதியை இங்கேயே செய்து முடித்தோம். அவர் திரும்பிச் சென்ற பின்னர் மதிப்பீடும் நடந்து முடிந்தது. சேவையின் தரத்தைப் பற்றி என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதிப்பீடு மரியாதையாகவும் பொறுமையாகவும் நடத்தப்பட்டது. கட்டணம் எதுவும் இல்லை. ஆனால் அதன் பயன், முதியவர் தன் இயலாமையை எவ்வளவு உண்மையாகச் சொல்கிறார் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. எங்கள் பெரியவர்களுக்கு மிகவும் கடினமானதும் அதுவே.

இச்சேவையின் இன்றைய வடிவம் புதியது. முதியோர் பராமரிப்பின் தரத்தையும் பாதுகாப்பையும் ஆராய 2018இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு 2021 மார்ச்சில் வெளிவந்த இறுதி அறிக்கையில் அந்த அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் விளைவாக, முன்னர் வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு உதவிகளுக்காகச் செய்துவந்த மதிப்பீடுகள் 2024 டிசம்பரில் ஒரே முறைமையின் கீழ் கொண்டுவரப்பட்டன. 2025 நவம்பர் 1ஆம் திகதி புதிய முதியோர் பராமரிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வீட்டிலேயே பெறும் பராமரிப்புக்கு முன்னர் இருந்த நான்கு மட்ட நிதியுதவிப் பொதிகளுக்குப் பதிலாக இப்போது ‘சப்போர்ட் அட் ஹோம்’ என்ற திட்டத்தில் எட்டு வகுப்புகள் உள்ளன. ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 டொலரில் தொடங்கும் உதவி, மிக உயர்ந்த வகுப்பில் ஏறத்தாழ 78,000 டொலர் வரை செல்கிறது. இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தீர்மானிப்பது அந்த ஒரு சந்திப்பு என்பதால்தான் ஆயத்தமின்றி அதற்குச் செல்லக்கூடாது என்கிறேன். சில வருடங்களுக்கு முன்னர் மதிப்பீட்டுக்குச் சென்றவர்களின் அனுபவத்தைக் கேட்டு அதன்படி தயாராவதும் இன்று முழுமையாகப் பொருந்தாது.

பதிவு செய்வது எளிது. 65 வயதை எட்டியவர்கள் விண்ணப்பிக்கலாம். அந்நாட்டின் முதற்குடி மக்களுக்கு 50 வயது போதுமானது. அந்நாட்டின் அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயாரின் அட்டையை வைத்துக்கொண்டு இணையத்திலோ 1800 200 422 என்ற இலக்கத்திலோ விண்ணப்பிக்க முடியும். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் 131 450 என்ற இலக்கத்தில் அரசாங்க உரைபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் உரைபெயர்ப்பாளர் ஒருவரின் துணையுடன் பேசலாம். அதற்கும் பணம் அறவிடப்படுவதில்லை. இங்கிருந்து உதவுபவர்கள் நேரத்தைக் கவனத்தில் கொள்ள வேண்டும். கோடைகாலத்தில் மெல்பேர்ன் எங்களை விட ஐந்தரை மணித்தியாலம் முந்தியிருப்பதால், அங்கு வார நாட்களில் இரவு எட்டு மணி வரை இயங்கும் தொலைபேசிச் சேவை இங்கு பிற்பகல் இரண்டரை மணியுடன் முடிந்துவிடும். ஆகவே பெறாமகள் அங்கிருந்து அழைக்க, நானும் அக்காவும் இங்கிருந்து வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்கும் ஏற்பாட்டை முற்பகலிலேயே வைத்துக்கொண்டோம்.

அரசாங்க உதவி என்றவுடன் எங்கள் ஊரில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது வருமானம்தான். முன்னர் சமுர்த்தி, 2023 முதல் அஸ்வெசும என்று நாம் பழகிய திட்டங்களில் குடும்பத்தின் வறுமையே கணக்கில் எடுக்கப்படுகிறது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்கப்படும் கேள்விகளும் வீடு, காணி, மின்கட்டணம், பிள்ளைகளின் தொழில் ஆகியவற்றைச் சுற்றியே அமைகின்றன. அந்தப் பழக்கத்தில் அக்காவும் வங்கிக் கணக்கு விபரங்களையும் ஓய்வூதியக் கடிதங்களையும் முதலில் எடுத்து அடுக்கினார். அவுஸ்திரேலிய மதிப்பீட்டில் தகுதியைத் தீர்மானிப்பது தேவை மட்டுமே. வருமானமும் சொத்தும் ‘சேர்விசஸ் அவுஸ்திரேலியா’ என்ற அரசாங்க நிறுவனத்தினால் தனியாகப் பரிசீலிக்கப்படுகின்றன. முதியவர் தன் பங்குக்கு எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதற்கே அவை பயன்படுகின்றன. மதிப்பீட்டாளர் கேட்பது வேறு. எப்படிக் குளிக்கிறீர்கள், கழிப்பறையிலிருந்து யாருடைய கையையும் பற்றாமல் எழ முடிகிறதா, மருந்தை யார் எடுத்துத் தருகிறார்கள், இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்பவை அவருடைய கேள்விகள். கையில் பணமில்லை என்பதை அதிகாரியிடம் தயக்கமின்றிச் சொல்லப் பழகிய எங்கள் தலைமுறை, சிறுநீரை அடக்க முடியவில்லை என்று சொல்ல நாணுகிறது. தயாரிப்பின் கடினமான பகுதி இந்த நாணத்தை வெல்வதே என்பது என் உறுதியான கருத்து.

நான் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அதனால் அக்காவின் அன்றாடத்தை ஒரு கொப்பியில் எழுதும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். காலையில் கட்டிலை விட்டு எழுந்து நிற்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது, சேலை உடுத்தும்போது எந்த இடத்தில் உதவி தேவைப்படுகிறது, அடுப்பை அணைக்க மறந்த நாள் எது, படியேறும்போது எங்கு நிற்கிறார் என்று பார்த்ததை மட்டும் எழுதினேன். எழுதத் தொடங்கிய பிறகுதான், திருகோணமலை வீடு அவருடைய இயலாமையை எவ்வளவு தூரம் மறைக்கிறது என்பது எனக்குப் புலப்பட்டது. இங்கே கிணற்றடியில் யாராவது ஒருவர் தண்ணீர் அள்ளி ஊற்றிவிடுகிறார்; கடைக்குச் செல்வதற்கு ஒரு பிள்ளை இருக்கிறது; தேநீர் கேட்காமலே வருகிறது; கோணேசர் கோயிலுக்குப் போகும்போது இருபுறமும் உறவினர்கள் கைகொடுக்கிறார்கள். ‘இங்கே என் வேலைகளை எல்லாம் நானே பார்க்கிறேன்’ என்று அக்கா நம்பியதற்குக் காரணம், உதவி என்று பெயர் வைக்காமலே நாள் முழுவதும் உதவி கிடைத்துக்கொண்டிருந்ததுதான். மெல்பேர்னில் மகள் வேலைக்குச் சென்ற பிறகு மாலை வரை அவர் தனியே இருக்கிறார். குளிப்பதற்குத் தொட்டியின் உயர்ந்த விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே வைக்க வேண்டும். ஆகவே கொப்பியின் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே, இதே வேலையை அங்கே தனியாகச் செய்ய வேண்டியிருந்தால் என்ன நடக்கும் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதினேன். இப்படிக் கேட்கும்போதுதான், சென்ற குளிர்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்ததையும் அதை மகளிடம் சொல்லாமல் விட்டதையும் அவர் வெளியிட்டார்.

காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். திருகோணமலையின் வெப்பத்தில் அவருடைய முழங்கால்கள் ஓரளவு இளகிவிடுகின்றன; ஜூன், ஜூலை மாதங்களில் மெல்பேர்னில் விரல்களை மடக்கவே சிரமப்படுகிறார். ஆகையால் இங்கு எழுதிய கொப்பியுடன் நிறுத்தாமல், அங்குள்ள குளிர்கால நாட்களைப் பற்றிப் பெறாமகள் எழுதிய குறிப்புகளையும் சேர்த்தோம். நன்றாக இருக்கும் நாளில் எப்படி இருக்கிறார் என்பதுடன் மிக மோசமான நாளில் எப்படி இருக்கிறார் என்பதையும் அப்படிப்பட்ட நாட்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதையும் சொன்னால்தான் மதிப்பீட்டாளருக்கு முழு நிலை விளங்கும். மிகைப்படுத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். குறைத்துச் சொல்வதும் அதே அளவு பொய்தான்.

மருத்துவப் பதிவுகளில் வெளிநாடுகளில் வாழும் எங்கள் முதியவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பலர் ஊருக்கு வரும்போது இங்கே கண் சத்திரசிகிச்சை செய்துகொள்கிறார்கள், பற்களைக் கட்டுகிறார்கள், மூட்டு வலிக்கு எண்ணெய் வைத்தியம் பார்க்கிறார்கள். அங்குள்ள குடும்ப வைத்தியருக்கு இவற்றில் எதுவும் தெரிவதில்லை. அக்காவின் நோய் நிர்ணய அட்டை, கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைத் திரட்டிப் பிரதியெடுத்துக் கொடுத்தனுப்பினோம். மருந்துப் பட்டியலில் வணிகப் பெயர்களை மட்டும் எழுதினால் மற்ற நாட்டில் அவை விளங்காமல் போகலாம். ஆகவே சீனி வருத்தத்துக்கும் பிறசருக்கும் அவர் எடுக்கும் ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் வேளையையும் எழுதினேன். சித்த வைத்தியரிடம் பெற்ற குளிகைகளையும் விடவில்லை. இவற்றை மெல்பேர்ன் வைத்தியர் முன்கூட்டியே பார்த்து எழுதிக் கொடுத்த கடிதம் மதிப்பீட்டின்போது மிகவும் உதவியது.

மதிப்பீட்டாளர் வீட்டுக்கே வந்தார். இலங்கைத் தமிழ் பேசும் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று பெறாமகள் முன்னரே கேட்டிருந்தார். அந்த உரைபெயர்ப்பாளர் தொலைபேசியில் இணைந்தார். மகளே மொழிபெயர்த்தால் போதும் என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தாய் மகளின் முன்னால் சில விடயங்களைச் சொல்லத் தயங்குவார். மகளும் தாயின் மானத்தைக் காக்க எண்ணிச் சிலவற்றை மெருகூட்டிவிடுவார். அக்கா அன்று பட்டுச்சேலை உடுத்தி, விருந்தினருக்கு வடையும் சுட்டு வைக்க விரும்பினார். வீட்டுக்கு வருபவரை உபசரிக்க வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் நாள் முழுவதும் பிறர் உதவியுடன் செய்த ஆயத்தத்தை, அவரே தனியாகச் செய்ததாக வந்தவர் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? இதை எடுத்துச் சொன்னதும் வழமையான வீட்டு உடையில், வழமையான ஊன்றுகோலுடன், தேநீருடன் மட்டும் வரவேற்க ஒப்புக்கொண்டார்.

உரையாடல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தது. அக்காவின் அனுமதியுடன் நானும் வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரை அவசரப்படுத்தாமல், மகளை நோக்கிப் பேசாமல், அக்காவையே நேரே விளித்துக் கேள்விகள் கேட்கப்பட்டது எனக்கு நிறைவளித்தது. குளியலறையையும் வாசற்படியையும் மதிப்பீட்டாளர் நேரில் பார்த்தார். ஞாபகசக்தி தொடர்பான கேள்விகளும் இருந்தன. அவற்றைச் சோதனையாக எண்ணிப் பதறத் தேவையில்லை என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால் அக்கா கலங்கவில்லை. மனநிலை, தனிமை, அவருக்கு வாழ்வில் முக்கியமானவை எவை என்பதும் கேட்கப்பட்டன. வெள்ளிக்கிழமை கோயிலுக்குச் செல்ல முடிய வேண்டும் என்றும் தன் கையால் ஒரு கறியாவது சமைக்க வேண்டும் என்றும் அக்கா சொன்னது உதவித் திட்டத்தில் அவருடைய இலக்குகளாகவே எழுதப்பட்டது. பராமரிப்பவரின் களைப்பும் கணக்கில் எடுக்கப்படுகிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். பெறாமகள் இரவில் எழுந்திருப்பதையும் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டதையும் எழுதி வைத்திருந்தார். அவருக்கும் தனியாகப் பேச நேரம் கொடுக்கப்பட்டது.

குறைகளும் உண்டு. திட்டங்களின் பெயர்களும் பிரிவுகளும் வயோதிபர் ஒருவர் தானே படித்துத் தெரிந்துகொள்ளும் நிலையில் இல்லை. பிள்ளைகள் அருகில் இல்லாதவர் இந்தப் பாதையில் தடுமாறுவார். தகுதி கிடைத்தவுடன் உதவி கிடைத்துவிடும் என்று எண்ணுவதும் சரியல்ல. தேவையின் அவசரத்தைப் பொறுத்து முன்னுரிமை வகுக்கப்பட்டு, நிதி ஒதுக்கப்படும் வரை வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்பு பல மாதங்கள் வரை நீள்வது அந்நாட்டிலேயே பெரும் விவாதத்துக்கு உள்ளாகியுள்ளது. ஆகவே உடம்பு முற்றாகத் தளர்ந்த பிறகு விண்ணப்பிப்பது தாமதமானதாகவே முடியும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தாதியின் சேவை போன்ற மருத்துவப் பராமரிப்புக்கு முதியவர் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. குளிப்பாட்டுவதற்கும் வீடு துப்புரவு செய்வதற்கும் அவரவர் நிதிநிலைக்கேற்ப ஒரு பங்கைச் செலுத்த வேண்டும். முழு ஓய்வூதியம் பெறுபவருக்கு அது முதலாவதற்கு 5 வீதம், இரண்டாவதற்கு 17.5 வீதம். குளிப்பதற்கான உதவியை மருத்துவப் பராமரிப்பிலிருந்து பிரித்து வைத்தது எனக்கு ஏற்புடையதல்ல. வயோதிபரின் தோலையும் காலையும் அன்றாடம் பார்க்கும் வாய்ப்பு குளிக்கும் நேரத்தில்தான் கிடைக்கிறது. சீனி வருத்தமுள்ள ஒருவரின் காலில் ஏற்பட்ட சிறு புண் அப்போதுதான் கண்ணில் படுகிறது.

அக்காவுக்கு வீட்டு உதவிக்கும் குளியலறைக் கைப்பிடிகளுக்கும் அங்கீகாரம் கிடைத்தது. முடிவு எழுத்தில் வருகிறது. அதில் உடன்பாடு இல்லாதவர்கள் மீள்பரிசீலனை கோரலாம். நிலைமை மோசமானால் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். இதற்குத் துணை தேவைப்படுவோருக்கு 1800 700 600 என்ற இலக்கத்தில் ‘ஓபன்’ எனப்படும் முதியோர் உரிமை ஆதரவு அமைப்பு கட்டணமின்றி உதவுகிறது. மறுமதிப்பீட்டின்போதும் அதே கொப்பி பயன்படும் என்பதால் பெறாமகளிடம் தொடர்ந்து எழுதச் சொல்லியிருக்கிறேன்; விழுந்த நாட்களும் வைத்தியசாலைக்குச் சென்ற நாட்களும் திகதியுடன் அதில் இருக்க வேண்டும்.