கிண்ணக் கூடா, மரப்பொந்தா?

1968க்குப் பிறகு நட்டு வளர்த்த ஆரோவில் காடு. இடுப்புயரக் களாப் புதரில் கொண்டைக்குருவியின் கூடு: நாரும் சிலந்தி நூலும் பின்னிய கிண்ணம், உள்ளே செம்புள்ளி தெளித்த மூன்று முட்டைகள். அடைகாக்க ஏறக்குறைய இரண்டு வாரம். அதுவரை காகம், செண்பகம், ஓணான், சாரைப்பாம்பு எதன் கண்ணிலும் படக்கூடாது. மறைவு ஒன்றுதான் காவல். படமெடுக்கக் கிளையை விலக்கினால் அதுவும் போயிற்று. தயவுசெய்து விலக்காதீர்கள்.

குண்டுகரிச்சான் பொந்தில் முட்டையிடுகிறது. வாய் குறுகலென்றால் காகம் நுழையாது, மழையும் அவ்வளவாகப் படாது, பாம்புதான் பயம். குஞ்சு பிழைக்க இதுவே மேல் என்பேன். ஆனால் பொந்துக்கு முதிர்ந்த மரம் வேண்டுமே! 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அவற்றில் எத்தனையைச் சாய்த்தது! கடலூரில் எங்கள் தெருவில் எஞ்சிய பட்ட வேம்பை வெட்டவிடாமல் நிறுத்தியிருக்கிறோம். இந்தப் பங்குனியில் அதில் ஒரு சோடி குடிவந்திருக்கிறது.