குட்டியா, வளர்ந்த தெரு நாயா, கைவிடப்பட்ட வெளிநாட்டு இன நாயா: புது வீட்டில் எது எப்படிப் பழகுகிறது?

சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் நாய்த் தத்தெடுப்பு முகாம்களில், அட்டைப்பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக உறங்கும் குட்டிகளைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். அதே பந்தலின் ஓரத்தில், வருவோர் போவோரின் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூன்று வயது நாட்டு நாயின் முன் யாரும் நிற்பதில்லை. உரிமையாளர் கைவிட்டுப் பின் மீட்கப்பட்ட லாப்ரடாரோ பொமரேனியனோ இருந்துவிட்டால், அதைப் பற்றி விசாரிக்கச் சிலராவது வருவார்கள். மீட்கப்பட்ட நாய்களுக்கு நிலையான வீடு கிடைக்கும்வரை எங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்து, பிறகு அனுப்பிவைப்பதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் நகரத்து வீட்டுக்கு, யாரும் திரும்பிப் பார்க்காத அந்த மூன்று வயது நாயே பெரும்பாலும் மிகப் பொருத்தமானது. காரணத்தை விளக்க, மூன்று வகை நாய்களும் ஒரு புது வீட்டில் எப்படிப் பழகுகின்றன என்பதைப் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் இரவிலிருந்து தொடங்கலாம். தாயின் சூட்டிலும் உடன்பிறப்புகளின் நெருக்கத்திலும் உறங்கிப் பழகிய குட்டி, முதல் இரவு அழும். இரண்டாம் இரவும் அழும். அதைச் சமையலறையில் தனியே அடைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது தவறு. கட்டிலுக்கு அருகே, பழைய வேட்டி விரித்த பெட்டியில், கையைத் தொங்கவிட்டால் தொடும் தூரத்தில் படுக்க வைத்தால் மூன்று நான்கு நாட்களில் அடங்கிவிடும். வளர்ந்த தெரு நாய் அழாது, அது ஒளிந்துகொள்ளும். கட்டிலுக்கு அடியிலோ குளியலறை மூலையிலோ சுவரை ஒட்டிச் சுருண்டு, கண்ணை மூடாமல் கிடக்கும். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாட்கள், மனிதர் பார்க்கும்போது சாப்பிடாது. விளக்கை அணைத்து எல்லோரும் படுத்த பிறகு தட்டு காலியாகும். கைவிடப்பட்ட வெளிநாட்டு இன நாயோ உள்ளே நுழைந்ததும் சோபாவைக் கண்டுபிடித்து ஏறிப் படுத்துக்கொள்ளும். வீடு என்றால் என்னவென்று அதற்கு முன்பே தெரியும். இந்த முதல் இரவை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள் வெளிநாட்டு இன நாய்க்கே முதலிடம் கொடுப்பார்கள். அங்கேதான் கணக்குத் தவறுகிறது.

தெரு நாய் ஒளிவதற்குக் காரணம் அச்சம் மட்டும் அன்று, அறியாமையும்தான். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் அதன் கால்கள் பிடிப்பின்றி விலகும். தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி, குக்கர் விசில், மிக்ஸி, லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம், கண்ணாடியில் தெரியும் இன்னொரு நாய் என்று எல்லாமே புதியவை. துடைப்பத்தைக் கையில் எடுத்தால் பதுங்கும். தெருவில் அதற்கு வேறு பொருள் இருந்தது. இந்த நிலையில் அன்பின் மிகுதியால் உறவினரை எல்லாம் அழைத்து வந்து காட்டுவதும், கட்டிப்பிடிப்பதும், ஒளிந்த இடத்திலிருந்து இழுப்பதும் நாயைப் பின்னுக்குத் தள்ளும். ஒரே ஓர் அறையைக் கொடுத்து, நடக்கும் வழியில் கோணிச் சாக்கோ ரப்பர் பாயோ விரித்து, அதன் பக்கம் முதுகைக் காட்டியபடி தரையில் உட்கார்ந்து நாளிதழ் படிப்பது போதும். எங்களிடமிருந்து வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குச் சென்ற பழுப்பு நிறப் பெண் நாய் ஒன்பது நாட்கள் குளியலறையிலேயே கிடந்தது. அதற்கு நம் வீடு பிடிக்கவில்லை போலும், திருப்பி அழைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த வீட்டார் கண் கலங்கிக் கேட்டார்கள். இன்னும் ஒரு வாரம் பொறுங்கள் என்றேன். பத்தாம் நாள் இரவு, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த பாட்டியின் காலடியில் தானாக வந்து, ஒருக்களித்துப் படுத்து உறங்கியது. ஒரு நாய் வயிற்றையும் விலாவையும் காட்டிக்கொண்டு ஆழ்ந்து உறங்குவதைவிடத் தெளிவான ஒப்புதல் வேறில்லை.

கழிவுப் பழக்கத்தில் வளர்ந்த தெரு நாய் மற்ற இரண்டையும் வெகுவாக முந்திவிடுகிறது. படுக்கும் இடத்தில் கழிக்காமல் விலகிச் சென்று கழிப்பது அதற்கு வாழ்நாள் வழக்கம். வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளிலிருந்தே அடக்கிக்கொள்ளும். சில நாய்கள் மணிக்கணக்கில் அடக்குவதைக் கண்டு நாமே கவலைப்பட நேரும். காலையும் மாலையும் இரவும் மண்ணோ புல்லோ உள்ள இடத்துக்கு அழைத்துச் சென்றால் பிரச்சினை முடிந்தது. குட்டியின் நிலை வேறு. இரண்டு மாதக் குட்டியால் பகலில் ஏறத்தாழ இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிச் செல்ல ஓர் ஆள் வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பூட்டி மாலை ஏழு மணிக்குத் திறக்கும் வீட்டில் அந்த ஆள் இல்லை. பிறகு, தரையெங்கும் அசுத்தம் என்ற புகாரோடு ஐந்து மாதக் குட்டி திரும்பி வருகிறது. குட்டி எந்தத் தவறும் செய்யவில்லை. கைவிடப்பட்ட நாயைப் பொறுத்தவரை முன்கூட்டிச் சொல்ல இயலாது. குடும்பத்தில் வளர்ந்தது என்றால் பழக்கம் இருக்கும். குட்டி ஈனுவதற்காக மட்டும் கூண்டில் வைக்கப்பட்டிருந்த பெண் நாய் என்றால், நான்கு வயதிலும் அதற்குப் புல் என்றால் என்னவென்று தெரியாது. அத்தகைய நாயைத் தெரு நாயைவிடப் பொறுமையாகப் பழக்க வேண்டும்.

குட்டிக்குச் சாதகமாகச் சொல்லப்படும் வாதம், நம் விருப்பப்படி வளர்க்கலாம் என்பது. அதில் உண்மை உண்டு. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு பதினான்காம் வாரம் வரையிலான காலத்தில் ஒரு குட்டி எதையெல்லாம் அச்சமின்றிச் சந்திக்கிறதோ, அதையெல்லாம் பிற்காலத்தில் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய உயிர்க்கொல்லி நோய்களுக்கு எதிரான பாதுகாப்பு முழுமை பெறாத காலமும் அதுவேதான். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும் என்பதால் குட்டியைத் தெருவில் இறக்கவும் கூடாது, நான்கு சுவருக்குள் அடைத்து உலகம் தெரியாமல் வளர்க்கவும் கூடாது. தோளில் சுமந்துகொண்டு கடைத்தெருவையும் பள்ளி விடும் நேரத்தையும் கோயில் மேளத்தையும் தொலைவிலிருந்து காட்ட வேண்டும். எத்தனை வீடுகளில் இதற்கு நேரம் இருக்கிறது?

இன்னொன்றையும் குட்டி விரும்பிகள் கருதுவதில்லை. எட்டு வாரம் நிறையும் முன் தாயைப் பிரிந்த குட்டி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை உடன்பிறப்புகளிடம் கற்றிருக்காது. மழையில் நனைகிறதே என்று இரக்கப்பட்டு, தாய் இரை தேடப் போயிருக்கும் நேரத்தில் நான்கு வாரக் குட்டியைத் தூக்கி வருபவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். முடிந்தால் தாயையும் குட்டிகளையும் சேர்த்தே ஒரு கூரைக்குக் கீழ் கொண்டுவருவதே நல்லது. அதோடு, பால்பற்கள் விழும் நான்கு முதல் ஆறு மாதங்களில் செருப்பு, ஒயர், மேசைக்கால் எதுவும் தப்பாது. குழந்தைகளின் கையில் பல் பட்டுக் கீறிவிட்டால், குட்டிதானே என்று விட்டுவிடவே கூடாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; தெருவிலிருந்து வந்த குட்டியும் ரேபிஸைத் தாங்கியிருக்கக் கூடும்.

தப்பி ஓடும் ஆபத்தில் தெரு நாய்தான் முன்னிலை வகிக்கிறது. அதை மறைத்து நான் யாருக்கும் நாய் கொடுப்பதில்லை. முதல் இரண்டு வாரங்களில் திறந்த கிரில் கதவு, கழன்ற கழுத்துப்பட்டை, பின்னால் வெடித்த ஒரு பட்டாசு ஆகிய மூன்றில் ஒன்று போதும். நாய் தன் பழைய தெருவைத் தேடி, தனக்குத் தெரியாத பத்துத் தெருக்களைக் கடந்து ஓடும். அஞ்சிய நாய் கழுத்துப்பட்டையைப் பின்னோக்கி இழுத்து உருவிக்கொள்வதில் கெட்டி. எனவே கழுத்துப்பட்டையில் ஒரு கயிறும், மார்பைச் சுற்றிய ஹார்னஸில் ஒரு கயிறுமாக இரண்டு பிடி வேண்டும். தொலைபேசி எண் பொறித்த வில்லையும் வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தெரு நாயை யாருக்கும் தத்துக் கொடுக்காமல் இருப்பதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

கைவிடப்பட்ட நாயின் சிக்கல், முதல் வாரத்தின் இனிமை கலைந்த பிறகு தெரியவரும். புதிய குடும்பத்தோடு ஒட்டிக்கொண்ட அது, அறைக்கு அறை பின்தொடரும். கழிப்பறைக் கதவுக்கு வெளியே காத்திருக்கும். நாம் செருப்பை மாட்டியதும் மூச்சு வாங்கத் தொடங்கும். ஒருமுறை விட்டுப் போனவர்கள் திரும்பவில்லை என்பது அதன் உடம்பில் பதிந்திருக்கிறது. தனியே விட்டால் கதவைப் பிறாண்டி நகம் உடையும், ஊளையிட்டு அக்கம்பக்கத்தாரின் புகாரைக் கொண்டுவரும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி என்று பிரிவைப் படிப்படியாகப் பழக்க வேண்டும். அதற்கு வீட்டில் இருப்பவர் தேவை. தெரு நாயோ பகலெல்லாம் நிழலில் படுத்து உறங்கிப் பழகியது. நம்பிக்கை வந்தபின் எட்டு மணி நேரத் தனிமையை அது மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்குவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று நாய் பழகும் காலத்தைச் சொல்லும் ஒரு வழக்கு மீட்புப் பணியாளர்களிடையே உண்டு. முதல் மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடுதல், மூன்று மாதத்தில் இது என் வீடு என்ற உணர்வு. வளர்ந்த தெரு நாய்க்கு இது ஓரளவு பொருந்துகிறது, சிலவற்றுக்கு ஆறு மாதமும் ஆகும் என்றாலும். குட்டிக்கு இது பொருந்தவே இல்லை. அதன் உண்மையான சோதனை ஏழெட்டு மாதத்தில், சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தது திடீரெனக் கேளாமல் போகும் பருவத்தில் வருகிறது. கைவிடப்பட்ட நாய்க்கோ மூன்றாம் வாரம் முடிவு அன்று, தொடக்கம். உணவுத் தட்டருகே உறுமுவது போன்ற பழைய பழக்கங்கள் அப்போதுதான் வெளிப்படும்.

மருத்துவச் செலவைப் பொறுத்தவரை, குட்டிக்கான செலவு தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் பின்னாளில் கருத்தடையும் என்று முன்பே தெரிந்தது. பார்வோ தாக்கினால் மட்டும் எல்லாம் தலைகீழாகும். தெரு நாயைக் கொண்டுவந்த வாரத்திலேயே உண்ணிக்காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியாவும் பபீசியாவும் நம் ஊர் வெப்பத்தில் ஆண்டு முழுவதும் உண்டு. காதில் வெட்டு அடையாளம் இருந்தால் கருத்தடை ஆகிவிட்டது என்று பொருள். பெருஞ்செலவு வைப்பது பெரும்பாலும் வெளிநாட்டு இன நாய்தான்: லாப்ரடாருக்கு இடுப்பு மூட்டு, பொமரேனியனுக்குப் பல், ஷிட்சுவுக்குக் கண், கருத்தடை செய்யாத வயதான பெண் நாய்க்குக் கருப்பைச் சீழ். பலவற்றைக் கைவிட்டதே இந்தச் செலவுக்கு அஞ்சித்தான். சென்னை வெயிலில் ஹஸ்கி வாங்கி, இரண்டு கோடைக்குப் பின் சாலையில் விட்டுச் செல்பவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

இந்த மூன்றையும் தவிர்த்து, நாயை அதன் தெருவிலேயே வைத்துப் பராமரிப்பது என்ற நான்காவது வழியும் உண்டு. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்துச் சென்ற இடத்திலேயே மீண்டும் விடும் முறையை ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு 1964லேயே சென்னையில் தொடங்கியது; 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் அதையே சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று தில்லித் தெரு நாய்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம் என்றும், அந்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது தத்தெடுப்பவரின் பொறுப்பு என்றும் கூறியது. அந்த நிபந்தனையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஐந்தாறு வயதாகி, தேநீர்க் கடைக்காரரும் காவலாளியும் பெயர் சொல்லி அழைக்க, தன் கூட்டத்தோடு நலமாக இருக்கும் நாயை மூன்றாம் மாடி அறைக்குள் கொண்டுவருவது பல நேரங்களில் மீட்பு ஆகாது. விபத்தில் காலிழந்தது, கூட்டத்தால் விரட்டப்பட்டது, நோயுற்றது, மனிதரை நாடி வீட்டு வாசலில் வந்து படுப்பது, இவற்றுக்குத்தான் வீடு தேவை.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் நாயைக் காட்டுவதில்லை. வீட்டின் ஒரு நாளைச் சொல்லச் சொல்கிறேன். பகலில் தாத்தாவோ பாட்டியோ இருந்து, அவர்களுக்குக் குனிந்து நிமிரவும் முடியுமென்றால், குட்டியைப் பரிந்துரைப்பேன். வீட்டிலிருந்தே வேலை செய்பவர், மருத்துவருக்குச் செலவிடத் தயங்காதவர் என்றால் கைவிடப்பட்ட நாய். காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் தவறாமல் நடக்க முடியும், பகலில் வீடு பூட்டியிருக்கும், முதல் மூன்று வாரம் நாய் திரும்பிப் பார்க்காவிட்டாலும் மனம் நோகாது என்பவரைப் பந்தலின் ஓரத்துக்கு அழைத்துச் சென்று, அந்த மூன்று வயது நாய்க்குப் பக்கத்தில், அதன் முகத்தைப் பாராமல், அரை மணி நேரம் சும்மா உட்காரச் சொல்கிறேன்.