யானையை எண்ணுவதா, இலத்தியை எண்ணுவதா?

காட்டு யானைகளைக் கணக்கிட முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன. காட்டைப் பகுதிகளாகப் பிரித்து, கண்ணில் பட்ட யானைகளை எண்ணலாம். இலத்திக் குவியல்களை எண்ணலாம். இலத்தியிலுள்ள மரபணுவைக் கொண்டு ஒவ்வொரு யானையையும் தனித்தனியே அடையாளம் காணலாம். மூன்றுக்கும் அடிப்படை பள்ளியில் படித்த நேர் மாறல்தான். நமக்குத் தென்படுவது காட்டில் இருப்பதற்கு நேர் விகிதத்தில் அமைகிறது என்று கொண்டால், இரண்டையும் இணைக்கும் எண்ணான விகிதசம மாறிலி ஒன்றுதான் தெரிய வேண்டும். அந்த மாறிலியை எங்கிருந்து பெறுகிறோம் என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

நேரடி எண்ணிக்கையில் மாறிலி 1 என்றே கொள்ளப்படுகிறது. அதாவது, நடந்து பார்த்த பகுதியில் இருந்த யானைகள் எல்லாம் கண்ணில் பட்டுவிட்டன என்று பொருள். உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிய முதுமலைச் சரிவுகளில், கிளை முறியும் ஓசை கேட்கும்வரை பக்கத்தில் நிற்கும் கூட்டமே தெரியாது என்பதால், இந்த ஊகம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆயினும் ஆண், பெண், குட்டி, மக்னா (தந்தமில்லாத ஆண்) என்று பிரித்தறிய இதுவே எளிய வழி.

இலத்திக் கணக்கு இதைவிட நுட்பமானது. நேர்கோட்டுப் பாதையில் நடந்து, கோட்டிலிருந்து ஒவ்வொரு குவியலும் எவ்வளவு தள்ளிக் கிடக்கிறது என்பதை அளந்து, சதுர கிலோமீட்டருக்கு எத்தனை குவியல்கள் என்று கண்டறிகிறார்கள். ஒரு யானை நாளொன்றுக்குச் சுமார் 16 முறை இலத்தியிடுகிறது. ஒரு குவியல் மக்கி மறையச் சராசரியாக 100 நாள் ஆகும் என்று எடுத்துக்கொண்டால், ஒரு யானைக்கு எந்நேரமும் 1,600 குவியல்கள் காட்டில் கிடக்கும். ஆனால் மழையாலும் சாணவண்டுகளாலும் அது 80 நாளாகக் குறைந்துவிட்டால், ஒரு யானைக்குரியது 1,280 குவியல்களே. அப்போது 1,600 குவியல்களைக் கண்டு ஒரு யானை என்று எழுதினால், உண்மையில் இருப்பது 1.25. எண்ணியதில் பிழையில்லை, வேறொரு காட்டிலோ வேறொரு பருவத்திலோ அளந்த மாறிலியைக் கடன் வாங்கியதுதான் பிழை.

மரபணு முறை மாறிலியைக் கடன் வாங்குவதில்லை. இலத்தி சேகரித்த முதல் சுற்றில் 40 யானைகளும் இரண்டாம் சுற்றில் 30 யானைகளும் அடையாளம் காணப்பட்டு, அந்த 30இல் 12 ஏற்கெனவே அறிந்தவை என்றால், காட்டின் மொத்தத்திலும் அதே விகிதத்தில்தான் அந்த 40 இருக்கும்; ஆகவே மொத்தம் 40 × 30 ÷ 12 = 100. டென்மார்க்கின் பீட்டர்சன் மீன்களிலும், 1930இல் அமெரிக்காவின் லிங்கன் வாத்துகளிலும் கையாண்ட அதே தர்க்கம் இது. எனினும் மறுபடி கிடைத்தவை 12க்குப் பதில் 9 ஆனால் விடை 133 ஆகிவிடும். சிறிய மாதிரியில் மூன்று யானைகள் அந்த அளவுக்குக் கணக்கை ஆட்டிவிடும். வெயிலில் கிடந்த இலத்தியில் மரபணு சிதைந்துவிடுவதும், ஆய்வகச் செலவும் வேறு.

2025இல் வெளியான அகில இந்திய மதிப்பீடு மரபணு முறையில் 22,446 யானைகள் என்றது. வேறு முறையில் கணக்கிட்ட 2017இன் 29,964உடன் அதை ஒப்பிட்டு யானைகள் அழிந்துவிட்டன என்று சொல்வது தவறு. முறை மாறியபோது மாறிலியும் மாறிவிட்டது.

மொத்த எண்ணிக்கைக்கு மரபணு முறையையே நான் தேர்வேன். ஆண்டுதோறும் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க மட்டும் இலத்திக் கணக்கு போதும். மாறிலி தவறாகவே இருந்தாலும், ஆண்டுக்கு ஆண்டு மாறாதிருந்தால் விகிதத்தில் அது அடிபட்டுப் போகும். அதற்கு ஒவ்வொரு முறையும் ஒரே பருவத்தில், ஒரே பாதையில் நடக்க வேண்டும்; புதிய இலத்திகளின் அருகே குச்சி நட்டு, அவை எத்தனை நாளில் மறைகின்றன என்று அந்தந்தக் காட்டிலேயே பார்த்து வர வேண்டும்.