கோடை நீச்சல் டீமில் பிள்ளையைச் சேர்க்கலாமா? சேலத்து அம்மா ஒருத்தியின் பல வருட அனுபவம்

பள்ளித் தேர்வு முடிகிற வாரத்தில் எனக்கு வருகிற போன்களில் பாதி நீச்சல் விசாரணைதான். “அக்கா, உங்க பொண்ணு டீம்ல இருக்காள்ல, எங்க பையனையும் சேத்து உடலாமா?” என்று ஆரம்பித்து, ஃபீஸ் எவ்வளவு, எத்தனை மணிக்கு, முடி கொட்டுமா, சளி பிடிக்குமா என்று நீளும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது மேல். பெரியவள் மூன்றாம் வகுப்பு லீவில் சேர்ந்தவள், இப்போது எட்டாவது முடித்திருக்கிறாள், இன்னும் போகிறாள். சின்னவன் சேர்ந்து, கொஞ்ச காலம் இருந்து, விட்டுவிட்டான். அதனால் இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று. எந்தக் குளம் என்று சொல்லவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அதை ஒரே இடத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கோடை நீச்சல் வகுப்பு வேறு, டீம் வேறு. வகுப்பு என்பது பத்துப் பன்னிரண்டு நாள் பேட்ச். தண்ணீர் பயத்தைப் போக்கி, மிதக்க வைத்து, கையும் காலும் அடிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். டீமுக்கு வரும் பிள்ளைக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும், அதை ஒழுங்காகவும் வேகமாகவும் ஆக்குவதுதான் அங்கே வேலை. சேர்க்கும்போது கோச் ஒரு சின்னப் பரீட்சை வைப்பார். சுவரையோ, நீந்தும் தடங்களைப் பிரிக்கும் லேன் கயிற்றையோ பிடிக்காமல் 25 மீட்டர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். எந்த ஸ்டைலாக இருந்தாலும் சரி, அழகாக இருக்க வேண்டியதில்லை. பாதியில் நின்றுவிட்டால் இன்னொரு பேட்ச் வகுப்பு முடித்துவிட்டு வரச் சொல்வார். அந்த நேரத்தில் “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்” என்று கெஞ்சும் பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறேன். கெஞ்சாதீர்கள். பின்னால் ஐந்தாறு பேர் வந்துகொண்டிருக்க, லேன் நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் குழந்தைக்கு அது தினசரி அவமானம்.

நம் பக்கம் இன்னொரு வகைப் பிள்ளைகளும் உண்டு, கிணற்றில் பழகியவர்கள். ஓமலூர் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் என் அண்ணன்கள் முதுகில் சுரைக்குடுக்கை கட்டித்தான் நீந்தக் கற்றார்கள். பிறகு குடுக்கை போய் பிளாஸ்டிக் கேன் வந்தது. மகளை டீமில் சேர்க்கிறோம் என்றதும் என் அப்பா சிரித்தார். “நாலு நாளு கெணத்துல எறக்கி உட்டா தானா நீந்துது, இதுக்கு எதுக்கு கண்ணு காசு?” நீந்தும்தான். ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் வெளியே இருக்கும். படி எங்கே இருக்கிறது, எவன் மேலிருந்து குதிக்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய இடம் அது. தலை நிமிர்ந்தால் இடுப்பும் காலும் கீழே இறங்கிவிடும், உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். ஃப்ரீஸ்டைலில் முகம் தண்ணீருக்குள், பார்வை தரையில், மூச்சுக்கு மட்டும் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். கிணற்றுப் பையன்கள் முதல் நாளே ஆழப் பக்கம் குதித்துவிடுவார்கள், முகத்தை உள்ளே வைக்கச் சொன்னால்தான் மல்லுக்கட்டு. அந்தச் சண்டை ஓய்ந்துவிட்டால் அவர்கள்தான் மளமளவென்று முன்னேறுகிறார்கள் என்பது நான் பார்த்தது.

சேர்ந்த புதிதில் எல்லாமே சலிப்பாக இருக்கும், பிள்ளைக்கும் உங்களுக்கும். கையில் கிக் போர்டைக் கொடுத்துக் காலை மட்டும் அடிக்கச் சொல்வார்கள். கேலரியில் முணுமுணுப்பு எழும்: “ஒரு வாரமா பலகையப் புடிச்சுக்கிட்டே கெடக்குறான், இதுக்கா பணம் கட்டுனோம்?” காரணம் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் முட்டியை மடக்கி சைக்கிள் மிதிப்பதுபோல் காலை ஆட்டும், நுரைதான் வரும், ஆள் நகராது. இடுப்பிலிருந்து அடிக்க வேண்டும், பாதம் தளர்ந்து பின்னால் நீண்டிருக்க வேண்டும். அதற்கு அடுத்த கண்டம் மூச்சு. குழந்தைகள் மூச்சை அடக்கிக்கொண்டே போய், முகத்தைத் திருப்பிய அந்த ஒரு நொடியில் விடவும் இழுக்கவும் பார்க்கும். முடியாது, தண்ணீரைக் குடித்துவிடும். முகம் உள்ளே இருக்கும்போதே குமிழியாக விட்டுவிட்டு, திரும்பியதும் இழுக்க மட்டும் செய்தால் போதும். என் மகளுக்கு இது பிடிபட்ட பிறகுதான் நிற்காமல் போகவும் வரவும் முடிந்தது. அதுவரை எல்லாம் கை வலுவில்லை என்றே நாங்கள் நினைத்துப் பாலும் முட்டையுமாக ஊட்டிக்கொண்டிருந்தோம்.

ஃபீஸைவிட நேரம்தான் பெரிய செலவு. இதைச் சேரும் முன்பு வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். திறந்தவெளிக் குளத்தில் கோடைப் பயிற்சி என்றால் விடியற்காலை, இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு. கத்திரி வெயிலில் காலை எட்டரைக்கெல்லாம் குளத்தங்கரைத் தரை காலைச் சுட ஆரம்பித்துவிடும். ஐந்தரைக்குப் பிள்ளை தண்ணீரில் இருக்க வேண்டுமானால் ஐந்து மணிக்கு யார் எழுப்புவது, யார் வண்டி ஓட்டுவது, கடைக்கும் ஆபீசுக்கும் போகிறவர் எப்படிச் சமாளிப்பது? இரவு பத்தரை வரை டிவி ஓடும் வீட்டில் இது நடக்காது. மே மாதம் ஏற்காடு கோடை விழா வேறு. சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள், மலைக்குப் போக வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கிவிட்டு அடுத்த நாள் விடியற்காலை எந்தப் பிள்ளை எழுந்திருக்கும்? போகட்டும், அதுவும் வேண்டும்தான். எத்தனை நாள் வர மாட்டாள் என்று கோச்சிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை, ரிலேவுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காணாமல் போனால்தான் கோபம் வரும்.

மாலை பேட்ச் என்றால் பசிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வெளியே வந்ததும் தட்டுவடை செட் கடைக்குத்தான் இழுப்பார்கள். இரண்டு செட் உள்ளே போன பிறகும் வீட்டுக்கு வந்து தோசைக்குத் தட்டு நீட்டும் பசி அது.

பொருட்கள் விஷயத்தில் இத்தனை வருடத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். லைக்ரா கலந்த பளபள நீச்சலுடை குளோரினில் ஒரு சீசனில் தொய்ந்துவிடும், முழு பாலியஸ்டர் துணி நின்று உழைக்கும். “வளர்ற பிள்ளை” என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் நம் வழக்கம் இங்கே செல்லாது, உள்ளே தண்ணீர் புகுந்து பின்னால் இழுக்கும். காட்டன் பனியனோடு குளத்தில் விட மாட்டார்கள். பெண் பிள்ளை என்று தயங்கும் வீடுகளுக்கு முழங்கால் வரை, முழுக்கை வரை மூடும் உடைகளும் கிடைக்கின்றன, பயிற்சிக்கு எந்தத் தடையும் இல்லை. கண்ணாடிக்கு விலையைப் பார்க்காதீர்கள், பொருத்தத்தைப் பாருங்கள். பட்டையை மாட்டாமல் வெறுமனே கண்ணில் வைத்து அழுத்தினால் ஓரிரு நொடி ஒட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அந்த முகத்துக்கு அது இல்லை. உள்பக்கத்தை விரலால் துடைக்கவே கூடாது, பனி படராமல் இருக்கப் பூசியிருப்பது போய்விடும். கேப் போட்டால் தலை நனையாது, காதில் தண்ணீர் போகாது என்று நினைப்பார்கள். தலையும் நனையும், காதிலும் தண்ணீர் போகும். காதுக்குப் பட்ஸ் விடாமல், தலையைச் சாய்த்து வடியவிட்டு வெளிப்புறம் மட்டும் துடைத்தால் போதும். வலி வந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மறுபடி தண்ணீர்.

எண்ணெய் பெரிய பஞ்சாயத்து. அம்மாயிக்குப் பேத்தி தலையில் எண்ணெய் இல்லாமல் வெளியே போகக் கூடாது, கோச்சுக்கு எண்ணெய்த் தலையோடு குளத்தில் இறங்கக் கூடாது. கோச் சொல்வதுதான் சரி. எண்ணெயும் வியர்வையும் தண்ணீரில் சேரச் சேர குளோரின் அதோடு கலந்து வேலைக்காகாமல் போகிறது. குளத்தருகே மூக்கைத் துளைக்கும் அந்த நெடி வந்தால் குளோரின் தூக்கலாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் அது வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமினின் வாசனை. கண் சிவப்பதற்கும் அதுதான் முக்கியக் காரணம். இறங்கும் முன் ஷவரில் நன்றாக நனையச் சொல்வது இதனால்தான். தலைமுடி முதலில் நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டால் குளத்துத் தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சும். எங்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல் பயிற்சி இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது. செவ்வாய், வெள்ளிக் கணக்கைக் கைவிட அம்மாயிக்கு மனசே இல்லை.

“இப்படிக் கறுத்துட்டாளே!” என்று கல்யாண வீட்டில் நாலு பேர் சொல்வார்கள். சொல்லட்டும். பிள்ளையின் முன்னால் நீங்கள் அதற்குத் தலையாட்டாமல் இருந்தால் சரி. பெண் பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் மாதவிடாய் வரத் தொடங்கும்போதும் பல வீடுகளில் நீச்சல் அதோடு நின்றுவிடுகிறது. அந்த சில நாட்கள் லீவு போட்டால் போதும், டீமை விட வேண்டியதே இல்லை. ஆண் கோச்சிடம் சொல்லக் கூச்சமென்றால், “இன்னைக்கு இல்ல சார்” என்ற ஒரு வார்த்தை போதுமென்று முதல் நாளே அம்மா பேசி வைத்துவிடலாம். நான் பேசினேன், அவர் அதன் பிறகு காரணம் கேட்டதே இல்லை.

போட்டி நாள்தான் புதியவர்களுக்குத் தலைசுற்றும். 50 மீட்டர் நீந்த ஒரு நிமிடம்கூட ஆகாது, அதற்குக் காலை ஏழிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நிழலுக்கு ஒரு பாய், நிறையத் தண்ணீர், காலையில் இட்லி, நடுவில் வாழைப்பழம். பூரியும் பொங்கலும் வேண்டவே வேண்டாம். வயதுப் பிரிவு பிறந்த வருடத்தை வைத்துத்தான், எந்த வகுப்புப் படிக்கிறாள் என்பது கணக்கில் வராது. பிறப்புச் சான்றிதழ் நகல் கைவசம் இருக்கட்டும். பட்டியல் ஒட்டியதும் பிள்ளையின் முன்கையில் மார்க்கரால் ஈவென்ட், ஹீட் (எத்தனையாவது குழுவில் இறங்குகிறாள் என்பது), லேன் மூன்று எண்ணையும் எழுதிவிடுங்கள். மைக்கில் கூப்பிடுவது ஒருவருக்கும் புரியாது, கையைப் பார்த்துப் பெரிய பிள்ளைகளே சின்னவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். வேகமானவர்களுக்கு நடு லேன், புதியவர்களுக்கு ஓரம், அது வழக்கம். “எம் பையனுக்கு மட்டும் ஓரமா?” என்று மேசைக்குப் போய் நிற்காதீர்கள். ஸ்டாப்வாட்ச் பிடிக்க ஆள் கேட்டால் மட்டும் ஓடிப் போங்கள், உள்ளூர்ப் போட்டிகளில் பெற்றோர் கை கொடுக்காமல் வேலை நடக்காது, குளத்தை நெருக்கத்தில் பார்க்க அதைவிட நல்ல இடமும் இல்லை.

டிஸ்குவாலிஃபை ஆவதற்கும் மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் திரும்பும்போதும் முடிக்கும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும். என் மகள் முதல் போட்டியில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் எல்லோருக்கும் முன்னால் வந்தாள், கடைசி நீட்டலில் வலது கை மட்டும் சுவரைத் தொட்டது. நடுவர் கையைத் தூக்கினார். அவள் தண்ணீரிலிருந்தபடியே எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு இன்னும் தெரியாது. அன்று முழுக்க அழுகை. அடுத்த வாரம் கோச் வேறெதுவும் சொல்லாமல் சுவருக்கு முன் கடைசி ஐந்து மீட்டரை மட்டும் திரும்பத் திரும்பப் பழக்கினார். நல்ல கோச்சுக்கும் கத்துகிற கோச்சுக்கும் வித்தியாசம் இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும்.

இனி குறைகள். போட்டி அறிவிப்பு பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வாட்ஸ்அப்பில் வரும், இரவு ஒன்பது மணிக்கு “நாளைக்குள் பெயர் கொடுக்கவும்” என்று. மே மாதம் வகுப்புப் பிள்ளைகளின் கூட்டத்தில் டீமுக்கு ஒதுக்கும் லேன் குறைந்துவிடும், ஒரே லேனில் காலில் கை இடித்துக்கொண்டு நீந்துவார்கள். உடை மாற்றும் அறையின் நிலைமையை எழுதவே பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் விடச் சங்கடம் சில அப்பாக்கள். 1994 இல் பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரனைப் பேப்பரில் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். ஈரோட்டுப் பையன் என்று இந்தப் பக்கம் தனிப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை இரண்டு மாதம் பழகிய எட்டு வயதுப் பிள்ளையின் மேல் ஏற்றினால் என்ன ஆகும்? கரையோடு ஓடிக்கொண்டே கத்துகிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் பிள்ளைக்கு அதில் ஒரு சொல்கூடக் கேட்காது என்பதுதான் ஆறுதல்.

சின்னவன் விட்டதற்குப் பெரிய கதை இல்லை. அவனுக்குத் தெருவில் கிரிக்கெட் வேண்டும், பந்து வேண்டும், பேச ஆள் வேண்டும். தண்ணீருக்குள் யாரோடு பேசுவது? ஒரு கோடை முழுவதும் இழுத்துப் பார்த்தோம், விட்டுவிட்டோம். நிறுத்தும்போது நான்கு ஸ்டைலில் இரண்டு ஒழுங்காக வந்திருந்தது, அது எங்கும் போய்விடாது. பெரியவளுக்கோ அந்தத் தனிமைதான் பிடித்திருக்கிறது. ஒரு நோட்டில் தன் டைமை நொடியின் நூறில் ஒரு பங்கு வரை எழுதி வைக்கிறாள். மெடல் பக்கம் காலி, ஆனால் போன வருட எண்ணையும் இந்த வருட எண்ணையும் தினமும் பார்க்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளை என்றால் டீம் ஒட்டிக்கொள்ளும். மெடலுக்காகவே சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

ஒரு எச்சரிக்கை. டீமில் இருக்கிறான் என்ற தைரியத்தில் மேட்டூரிலோ பூலாம்பட்டியிலோ காவிரியில் இறக்கி விடாதீர்கள். குளத்தில் தரை தெரியும், சுவர் இருக்கும், இழுப்பு கிடையாது. ஆற்றில் இந்த மூன்றும் மாறிவிடும், கோடை தவறாமல் பேப்பரில் செய்தி வருகிறது. குளத்திலேயும் இடி கேட்டால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். மே மாதக் கோடை மழை சொல்லிக்கொண்டு வராது.

சேர்க்கும் முன் ஒரு மாலை சும்மா போய் கேலரியில் உட்கார்ந்து பாருங்கள். ஆழப் பக்கத்தில் தரையில் போட்டிருக்கும் கோடு மேலிருந்து தெளிவாகத் தெரிகிறதா, தண்ணீரைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் நிற்கிறாரா, அவர் கையில் போன் இருக்கிறதா? மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கையையும் ஆட்டாது, அதனால் இந்தக் கேள்விகள் கோச்சின் மெடல் கணக்கைவிட முக்கியம். கடைசியாக வந்து சேரும் பிள்ளையிடம் கோச் என்ன பேசுகிறார் என்றும் காது கொடுங்கள். மே மாதம் போனால் கூட்டத்தில் ஒன்றும் தெரியாது. மார்ச்சிலேயே போய்விடுங்கள், அப்போது பெரும்பாலும் டீம் பிள்ளைகள்தான் இருப்பார்கள்.