பழைய வரியா, புதிய வரியா?

ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மைத்துனருக்கு ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். எல்ஐசி ரசீதுகளை மஞ்சள் பையில் அள்ளிக்கொண்டு காட்பாடிக்கு வந்துவிட்டார். 2025-26 வருமான வரியைப் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் கணக்குப் போட்டோம்.

வரி: பழையதில் 80சி (எல்ஐசி போன்ற சேமிப்புக்கான வரிக் கழிவு) 1.5 லட்சம், நிலைக் கழிவு (சம்பளக்காரருக்கு ரசீது இல்லாமலே கிடைப்பது) 50,000 போக, செஸ்ஸோடு (வரிமேல் போடும் கூடுதல் வரி) 54,600 ரூபாய். புதியதில் பைசா கிடையாது, சம்பளம் 12.75 லட்சம் வரை இதே கதைதான்.

அலைச்சல்: பழையதற்கு அந்த மஞ்சள் பை வேண்டும். புதியதற்கு வேண்டாம்.

சேமிப்பு: பழையது வற்புறுத்திச் சேமிக்க வைக்கும். ஓட்டைக் கைக்காரருக்கு அது நல்லதுதான்.

மைத்துனருக்குப் புதியதே சரி. வீட்டுக்கடன் வட்டி, வாடகை என்று கழிவுகள் குவிந்த பெரிய சம்பளக்காரர் பழையதையும் போட்டுப் பார்க்கலாம். சம்பளக்காரர் ஆண்டுதோறும் மாற்றலாம். ஆனால் சத்துவாச்சாரி கடைக்காரர் போல வியாபார வருமானம் உள்ளவர் பழையதற்குப் போய்ப் புதியதற்குத் திரும்பிவிட்டால், மறுபடி பழையதற்குப் போக முடியாது.