காசியோ எஃப்-91டபிள்யூ: அப்பாவின் ரயில் நேரத்துக்கு

ரயில் டிக்கெட்டில் 21:40 என்று பார்த்தால் அப்பா விரல்விட்டு எண்ணுவார். அதற்காகவே சென்னை ரிச்சி தெருவில் இந்த டிஜிட்டல் கைக்கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தேன். 1989-இல் வந்த மாடல், இன்னும் ஓடுகிறது. வலது பக்கப் பொத்தானை ஒரு தட்டு தட்டினால் 9:40 பி.எம். 21:40 ஆகிவிடும், மறுபடி தட்டினால் பழையபடி.

13-க்கு மேல் 12-ஐக் கழிப்பது யாருக்கும் வரும். நள்ளிரவுதான் வம்பு. 00:15 என்றால் இரவு 12:15, தேதியும் மாறிவிடும். 10-ஆம் தேதி 00:15 வண்டிக்கு 9-ஆம் தேதி ராத்திரியே சென்ட்ரலில் இருக்க வேண்டும். நல்லவேளை, கிழமையும் தேதியும் மேலேயே தெரிகின்றன.

பில் கேட்டதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தார். சரி, வாட்ச் போலியா என்று சந்தேகம் வந்தால் அதே பொத்தானை மூன்று விநாடி அழுத்துங்கள். அசல் என்றால் காசியோ பெயர் திரையில் வரும்.