மதுரையில் என்.கே. செல் ரத்தப் பரிசோதனை: பணம் கட்டும் முன்

அடுத்தடுத்துக் கரு கலைந்தவர்களுக்கு எழுதித் தரப்படும் இந்த என்.கே. செல் (‘நேச்சுரல் கில்லர்’ என்ற நோயெதிர்ப்பு செல்) பரிசோதனையின் அடிப்படையே தவறு. எடுப்பது கை நரம்பு ரத்தம்; கேள்வியோ கருப்பையைப் பற்றியது.

கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் கருப்பை உள்படலத்து நோயெதிர்ப்பு செல்களில் ஏறக்குறைய 70 சதவீதம் என்.கே. செல்கள்தான். ‘இயற்கைக் கொலையாளி’ என்ற பெயரே பாதிப் பயத்துக்குக் காரணம். அவை கருவைக் கொல்வதில்லை. கருப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகள் அகலமாக உதவி, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் போக வழி செய்கின்றன. அந்த அகலம் சரியாக அமையாவிட்டால் பின்னால் ரத்தக்கொதிப்பு, குழந்தை எடை குறைவு வரலாம். ரத்தத்தில் ஓடும் என்.கே. செல்கள் வேறு வகை. அந்த எண்ணிக்கை கருப்பையின் நிலையைச் சொல்லாது.

மாடிப்படி வேகமாக ஏறி வந்து உடனே ரத்தம் கொடுத்தாலே எண்ணிக்கை கூடிவிடும். ரத்த மாதிரி வெளியூர் போகிறதென்றால், சித்திரை வெயிலில் எப்படிப் போகிறது, எத்தனை மணி நேரத்தில் சேர்கிறது என்று கட்டாயம் கேளுங்கள்.

‘அதிகம்’ என்று வந்தால் அடுத்து இன்ட்ராலிப்பிட் டிரிப் (ரத்தத்தில் ஏற்றும் கொழுப்புக் கரைசல்) எழுதுவார்கள். அதில் சோயா எண்ணெயும் முட்டைக் கொழுப்பும் உண்டு. ஒவ்வாமை இருந்தால் ஆபத்து. பலனுக்கு உறுதியான சான்றும் இல்லை.

அந்தக் காசுக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை (ரத்தம் உறையத் தூண்டி, கரு கலையக் காரணமாகும் எதிர்ப்பொருட்களைத் தேடுவது) செய்யலாம். பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அந்தப் பிரச்சினைக்கு நிரூபிக்கப்பட்ட மருந்து இருக்கிறது.